“நானும் ‘அத்தை’ என்றுதான் அழைக்கிறேன், ஆனால்…”

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு வயது 34. பிறந்து வளர்ந்தது கோபிசெட்டிபாளையம் வட்டாரம். கல்லூரியில் உடன் படித்தவரையே காதலித்து மணந்தவர். இரு குடும்பங்களும் வேறு வேறு சாதி. ஏழு ஆண்டுகள் சென்னையில் இருந்துவிட்டு, மாமனார் பக்கவாதத்தில் படுத்ததால் சென்ற ஆண்டு கணவரின் ஊருக்கே குடிவந்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தனார், அவருடைய மனைவி, வாசகியின் ஆறு வயது மகள் என எல்லோரும் இருக்கிறார்கள். கொழுந்தனாரின் மனைவி மாமியாருக்கு உடன்பிறந்த தம்பி மகள்.

வாசகி தம் மாமியாரை முதல் நாளிலிருந்து ‘அத்தை’ என்றே அழைத்து வருகிறார். ஓரகத்தியும் அதே சொல்லால்தான் அழைக்கிறார். ஆனால் அவர் அழைத்தால் மாமியாரின் முகம் மலர்கிறது. தாம் அழைத்தால் ஒரு ‘ம்’மோடு முடிந்துவிடுகிறது. ‘அம்மா’ என்றால் நெருக்கம் வருமோ என்று எண்ணி ஒருநாள் அப்படி அழைத்துப் பார்த்திருக்கிறார். “உங்கம்மா ஊர்ல நல்லாத்தான இருக்காங்க? பெறகு நான் எதுக்கு அம்மா?” என்று பதில் வந்திருக்கிறது. கணவரைப் பெயர் சொல்லி ‘வா, போ’ என்று பேசுவது வீட்டில் குற்றமாகியிருக்கிறது. மகளை மாமனாரும் மாமியாரும் ‘ஏட்டி’ என்று கூப்பிடுவதை வாசகியால் பொறுக்க முடியவில்லை. வயதில் மூத்த ஓரகத்தி தம்மை ‘அக்கா’ என்னாமல் பெயர் சொல்லி அழைப்பதும் உறுத்துகிறது.

கடைசி இரண்டு பக்கங்கள் வேறொருவரைப் பற்றியவை. முப்பது ஆண்டுகளாக அந்த வீட்டின் தொழுவத்தையும் முற்றத்தையும் பார்த்துவருபவர், ஐம்பத்தைந்து வயதை ஒட்டிய, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண்மணி. மாரி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவர் முதல் பேத்தி வரை அவரை ‘மாரி, வா’, ‘மாரி, போ’ என்றுதான் பேசுகிறார்கள். வாசகி தம் மகளுக்கு ‘மாரிப் பாட்டி’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அதைக் கேட்ட மாமியார் பேத்தியையோ மருமகளையோ ஒன்றும் சொல்லவில்லை, தெருவாசலில் நின்றுகொண்டு, சாதிப் பெயரைச் சொல்லி, “நீ சொல்லிக் குடுத்தியா?” என்று மாரியைத்தான் ஏசியிருக்கிறார். “நான் செய்தது தவறா? இந்த வீட்டில் முறை என்பதே எனக்கு விளங்கவில்லை. பேசாமல் சென்னைக்கே திரும்பிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறார் வாசகி.

அன்புள்ள வாசகிக்கு,

‘அன்புச் சகோதரி’ என்று தொடங்குவதுதான் இந்தப் பகுதியின் வழக்கம். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, கேட்காமலே ஓர் உறவை எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருந்ததால் ‘வாசகி’யோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பத்தாரிடம், வீட்டில் யார் யாரை எப்படி அழைக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்வது என் பழக்கம். சொத்து, சம்பளம், சண்டை பற்றிக் கேட்டால் யோசித்துச் சொல்பவர்கள்கூட இதை மளமளவென்று எழுதிவிடுவார்கள். எழுதி முடித்ததும் அந்தத் தாளில் நான் முதலில் தேடுவது வெற்றிடங்களைத்தான். உங்கள் எட்டுப் பக்கங்களையும் அப்படித்தான் படித்தேன்.

மாமியார் உங்களை என்னவென்று அழைக்கிறார்?

நீங்கள் மாமியாரை என்னவென்று அழைப்பது என்பதற்கு மூன்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறீர்கள். அவர் உங்களை என்னவென்று அழைக்கிறார் என்பது ஒரே இடத்தில், அதுவும் வேறெதையோ சொல்லும்போது வருகிறது. உங்கள் மகளிடம், “உங்கம்மாவச் சாப்பிட வரச் சொல்லு” என்கிறார். வெளியாரிடம் ‘மூத்தவன் வீட்டுல’ என்கிறார். நேரில் பேசியே ஆகவேண்டுமானால் ‘வாங்க, இருங்க’ என்கிறார். அதாவது உங்களைக் கூப்பிட அவரிடம் ஒரு சொல்லே இல்லை. எந்தச் சொல்லால் அழைத்தால் அவர் இளகுவார் என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கோ உங்களை எந்த இடத்தில் வைப்பது என்றே இன்னும் பிடிபடவில்லை என்பதுதான் என் கணிப்பு.

இங்கே உங்கள் பிறந்த மண்ணின் பேச்சும் உங்களைத் தவறாக வழிநடத்தியிருக்கிறது. கொங்குப் பக்கம் ‘ங்க’ என்பது மூச்சு மாதிரி. “சாப்புட்டீங்களா கண்ணு” என்று குழந்தையைக்கூடக் கேட்பார்கள்; அதில் மரியாதையும் பாசமும் கலந்தே இருக்கும். அந்தக் காதோடு தாமிரபரணிக் கரைக்கு வந்ததால், மாமியார் உங்களிடம் ‘வாங்க’ என்பதை மரியாதை என்றும், ஓரகத்தியிடமும் பேத்தியிடமும் ‘ஏட்டி’ என்பதை மரியாதைக் குறைவு என்றும் எடுத்துக்கொண்டீர்கள். நெல்லைச் சீமையில் நிலைமை ஏறக்குறையத் தலைகீழ். ‘ஏட்டி’ என்பது தன் வீட்டுப் பெண்ணிடம் மட்டுமே உரிமையோடு புழங்கும் விளி. வெளியாளிடம் அதைச் சொன்னால் சண்டை வரும்; சொந்தப் பேத்தியிடம் சொல்லாவிட்டால்தான் கோபமாக இருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் மகளுக்கு அது கிடைத்துவிட்டது; உங்களுக்குக் கிடைக்கவில்லை. மாமனார் பேத்தியை ‘ஏட்டி’ என்பதைத் தடுக்க நினைக்கிறீர்களே, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பக்கவாதத்தில் தளர்ந்த நாக்கு இன்னும் தெளிவாகச் சொல்லும் சொற்களில் அது ஒன்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதே காரணத்தால், நீங்கள் பணிவாகச் சொல்லும் ‘சரீங்க அத்தை’, ‘இல்லீங்க அத்தை’ எல்லாம் அவர் காதில் வங்கி முகப்பில் கேட்கும் பேச்சாக விழுந்திருக்கலாம். நீங்கள் பேச்சை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. ‘எங்க ஊர்ல பச்சைப்பிள்ளைகிட்டயும் இப்படித்தான் பேசுவோம்’ என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் போதும்.

சொல் ஒன்று, உறவு இரண்டு

‘அத்தை’ என்பது மாமியாரைக் குறிக்கும் சொல், ஆகவே அது அந்நியச் சொல், ‘அம்மா’தான் பாசச் சொல் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுவதும் ஓடுகிறது. இது திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் ஊட்டிய எண்ணம் என்று நினைக்கிறேன். நம் உறவுமுறையில் ‘மாமியார்’ என்பது பிறரிடம் குறிப்பிட்டுப் பேசும் சொல்; நேரில் யாரும் ‘மாமியாரே’ என்று கூப்பிடுவதில்லை. நாத்தனார், கொழுந்தன், ஓரகத்தி, சம்பந்தி ஆகியவையும் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே. நேரில் கூப்பிட நாம் எடுத்துக்கொள்பவை அத்தை, மாமா, அண்ணி, மதினி, அத்தான் போன்றவை. இவற்றில் ‘அத்தை’ என்பவர் தந்தையின் உடன்பிறந்தவர், தாய்மாமன் மனைவி, கணவரின் தாய் என மூவருமாக இருக்கலாம். திருமணத்தால் வந்தவர் ஏற்கெனவே உறவினர்தான் என்பது போன்ற ஏற்பாடு இது.

1949–50 அளவில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், தென்னிந்தியாவில் இரத்த உறவு மட்டுமல்லாமல் கொண்டான்–கொடுத்தான் உறவும் தலைமுறை தலைமுறையாக இறங்கிவருகிறது என்று வாதிட்டார். உங்கள் ஓரகத்தியின் கதை அதற்கு அப்படியே பொருந்துகிறது. அவருக்கு இந்த மாமியார் பிறந்த நாள் முதலே அத்தை. காதுகுத்துக்கு வந்த அத்தை, சடங்குக்குச் சீர் கொண்டுவந்த அத்தை, பள்ளி விடுமுறைக்குப் போன வீட்டின் அத்தை. திருமணத்தால் அந்தச் சொல் மாறவே இல்லை. அதன்மேல் இன்னொரு பொருள் ஏறியது, அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் ‘அத்தை’யில் இருப்பது எட்டு ஆண்டுகள், அவற்றிலும் ஏழு சென்னையில் கழிந்தவை. இரண்டு அழைப்புக்கும் ஒரே மலர்ச்சியை எதிர்பார்ப்பது உங்களுக்கும் மாமியாருக்கும் நியாயமாகாது.

அதனால் ‘அம்மா’ முயற்சியைக் கைவிடுங்கள். மாமியாரின் பதிலை நீங்கள் முகத்தில் அடித்ததாக உணர்ந்திருக்கிறீர்கள். எனக்கு அது அவ்வளவு கொடுமையாகப் படவில்லை. ‘உனக்கு ஒரு தாய் இருக்கிறாள், அவள் இடத்தை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்’ என்பதைத்தான் அவர் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொல்லியிருக்கிறார். மருமகளை ‘மகள் மாதிரி’ என்று சொல்லிக்கொண்டே மகளுக்கு இருக்கும் உரிமை எதையும் தராத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருமகளை மருமகளாகவே வைத்துக்கொண்டு, அவளுக்கு உரியதைச் சரியாகச் செய்யும் வீடு எவ்வளவோ மேல்.

ஓரகத்தி உங்களைப் பெயர் சொல்லி அழைப்பதை விட்டுவிடுங்கள். மூத்தவர் மனைவி என்ற நிலையால் நீங்கள் அக்கா. வயதாலும் அந்த வீட்டில் புழங்கிய காலத்தாலும் அவர் அக்கா. இதில் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

கணவரின் பெயரும் ‘நீ’யும்

‘நீ’ என்பது மரியாதைக் குறைவு என்று மாமியார் சொல்கிறார். அது அன்பின் அடையாளம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருவர் சொல்வதும் பாதி சரி. பெரும்பாலான தமிழ் வீடுகளில் பிள்ளைகள் அம்மாவை ‘நீ’ என்றும் அப்பாவை ‘நீங்க’ என்றும் பேசுகிறார்கள். அம்மாவின்மேல் மதிப்புக் குறைவென்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதே ‘நீ’யை மாரியிடம் வீசும்போது அதற்குள் அம்மாவிடம் சொல்லும் ‘நீ’ இல்லை. ராஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1960இல் ஐரோப்பிய மொழிகளின் ‘நீ–நீங்கள்’ வழக்கை ஆராய்ந்து, அதை அதிகாரம், நெருக்கம் என்ற இரண்டும் இயக்குகின்றன என்று காட்டினார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் அங்கே பேசுவது நெருக்கமோ தொலைவோ. ஒருவர் ‘நீ’ என்று சொல்லி ‘நீங்க’வைத் திரும்பப் பெற்றால் அங்கே பேசுவது அதிகாரம். எந்தச் சொல் என்பதைவிட, அது திரும்பி வருகிறதா என்பதைப் பாருங்கள். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்லே, இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியமே கிளவியாக்கத்தில் சொல்லிவிட்டது. வழக்கு என்றால் அது மாறக்கூடியது என்பதும் அதில் அடங்கும்.

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இப்படியே தொடர்வது உங்கள் உரிமை. அதில் சட்டமோ அறமோ மீறப்படவில்லை. ஆனால் படுக்கையில் இருக்கும் மாமனாரின் முன்னால் நாள்தோறும் அதே பேச்சு எழும். முழுவதுமாக ‘ஏங்க’வுக்கு மாறுவது இன்னொன்று, உங்களுக்கு அது வேடமாகத் தோன்றும், நாளடைவில் கணவர்மேலேயே எரிச்சலாகத் திரும்பும். மூன்றாவது, பெரியவர்கள் முன் ஒரு பேச்சும் தனிமையில் ஒரு பேச்சுமாக வைத்துக்கொள்வது. இதைப் போலித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்மில் எவரும் ஒரே பேச்சை எல்லா இடத்திலும் பேசுவதில்லை. வங்கியில் நீங்கள் மேலாளரிடம் பேசுவதும் உங்கள் தங்கையிடம் பேசுவதும் ஒன்றா என்ன? நான் மூன்றாவது வழியையே சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: கூடத்தில் நீங்கள் ‘ங்க’ போட்டுப் பேசினால், கணவரும் உங்களிடம் ‘ங்க’ போட்டுப் பேச வேண்டும். அது நெல்லை வீட்டுக் காதுக்கு வேடிக்கையாகக்கூட இருக்கும், இருக்கட்டும். ஒருவர் மட்டும் இறங்கினால் அது மரியாதையல்ல, படிநிலை. கணவர் இதற்கு ஒப்புக்கொள்கிறாரா என்பதும், மாமியாரிடம் இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத அவர் இனியாவது பேசுகிறாரா என்பதும், உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் எனக்கு மிகவும் வேண்டியிருந்த தகவல்கள்.

உங்களுக்கு நேர்ந்துகொண்டிருப்பது கொடுமையா என்றும் கேட்டிருந்தீர்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், இழிவுபடுத்துதல், ஏளனம் செய்தல், வசைப்பெயர் சூட்டுதல் ஆகியவற்றையும் சொல்வழி வன்முறையாகக் கணக்கில் கொள்கிறது. நீங்கள் எழுதியவற்றில் ஒதுக்கம் இருக்கிறது, இவை இல்லை. சாதியைக் காட்டி உங்களையோ மகளையோ இழித்துப் பேசும் நிலை வந்தால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம்.

மாரி

இதுவரை சொன்னவற்றில் விட்டுக்கொடுக்க இடம் இருந்தது. இதில் எனக்கு அவ்வளவு இல்லை. “சொந்தமில்லாதவங்கள எப்படிப் பாட்டின்னு சொல்றது” என்று மாமியார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதே பக்கத்தில் உங்கள் மகள் அன்றாடம் பேசும் ஆட்களையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: பால்கார மாமா, தபால்காரத் தாத்தா, இட்லிக்கடை ஆச்சி, வேன் ஓட்டும் அண்ணன். இவர்களில் ஒருவரும் சொந்தமில்லை. பெயர் தெரியாத நடத்துநரைக்கூட ‘அண்ணே’ என்று கூப்பிட்டுச் சில்லறை கேட்பவர்கள் நாம். உறவுச் சொல்லை ஊருக்கெல்லாம் வாரி வழங்கும் இந்தப் பழக்கம் ஒரு குறிப்பிட்ட தெருவின் முன் மட்டும் நின்றுவிடுகிறது என்றால், அங்கே நிறுத்துவது சாதி. ஆறு வயதுக் குழந்தை ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணியை ‘வா, போ’ என்பதும், அவர் திரும்ப அந்தக் குழந்தையைச் ‘சின்னம்மா’ என்பதும் தற்செயலாக அமைந்தவை அல்ல. கூலி கொடுக்கும்போது கையில் படாமல் போட்டது போல, கிணற்றைப் பிரித்து வைத்தது போல, பேச்சிலும் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தோம். கிணற்றுக் கோடு பல ஊர்களில் அழிந்துவிட்டது; இது இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆகவே, நீங்கள் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தது தவறே அல்ல.

ஆனால் அதைச் செய்த விதத்தில் ஒரு பிழை இருக்கிறது. நீங்கள் மனம் நோகாமல் கேட்க வேண்டும். உங்கள் சீர்திருத்தத்தின் செலவை மாரி கொடுத்தார். ஏச்சு விழுந்தது அவர்மேல். “வேண்டாம்மா, எனக்குத்தான் ஏச்சு விழுது” என்று அவர் சொன்னதை அவருடைய அறியாமையின் அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளாக அந்த வீட்டைப் படித்த ஒருவரின் துல்லியமான கணக்கு அது. அவர் வீட்டு அடுப்பு இந்த முற்றத்தை நம்பியிருக்கிறது; உங்களுடையது அப்படியில்லை.

எனவே முதலில் மாமியாரிடம் பேசுங்கள், அதுவும் கணவர் முன்னிலையில்: குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தது நான், இனி இதுபற்றி என்னிடம்தான் கேட்க வேண்டும், மாரியிடம் கேட்கக் கூடாது என்று. அடுத்து மாரியிடம், யாரும் இல்லாத நேரத்தில், குழந்தை தம்மை எப்படி அழைப்பது அவருக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள். ‘பாட்டி’ என்பது உங்கள் தேர்வு. அவர் ‘மாரியம்மா’ என்று சொல்லச் சொல்லலாம். அல்லது பெயரோடு ‘வாங்க’ மட்டும் போதும் என்னலாம். வினைமுற்றில் ‘ங்க’ சேர்வதற்கு உறவுச் சொல்கூட வேண்டியதில்லை. அதை நீங்களும் கணவரும் முதலில் செய்யுங்கள். குழந்தைகள் சொல்லிக்கொடுத்ததைவிடக் காதில் விழுந்ததையே பிடித்துக்கொள்ளும்.

சட்டத்தையும் கேட்டிருந்தீர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சாராத ஒருவர், பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்தது இதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் விளக்கியிருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதோ ஆட்கள் நடமாடிய தெருவாசல். இதை மாமியாரிடம் உங்கள் கணவர் எடுத்துச் சொல்லட்டும். மாமியாரோடு உங்களுக்குள்ள பிணக்கில் ஆயுதமாக இதை எடுக்காதீர்கள். புகார் கொடுக்க மாரி முடிவெடுத்தால், சாட்சி சொல்லும் கடமை உங்களுக்கு வரும். அதற்கு இப்போதே மனத்தளவில் தயாராக இருங்கள்.

சென்னைக்குத் திரும்புவது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மாமனாரின் உடல்நிலைதான் அதைத் தீர்மானிக்கும் என்று உங்கள் கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது.

ஒரு வேலையை மட்டும் இந்த மாதமே முடியுங்கள். ‘எங்க வீட்டு ஆள் மாதிரி’ என்று மாமியார் மாரியைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாராம். அந்தப் பேச்சு பல வீடுகளில் சம்பள உயர்வுக்கும் விடுப்புக்கும் பதிலாக வழங்கப்படுவது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி நல வாரியம் இருக்கிறது. 60 வயதுக்குள் பதிவு செய்தால் விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60க்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். மாரிக்கு இன்னும் சில ஆண்டுகளே மிச்சம். அவர் ஒப்புக்கொண்டால் ஆதார் அட்டையோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். அதில் முழுப்பெயர் கேட்பார்கள். நான் மாற்றியதற்கு முன் நீங்கள் எழுதியிருந்ததும் இதே போலப் பாதியில் வெட்டிய பெயர்தான். மாரியம்மாளா, மாரிச்செல்வியா, மாரிக்கனியா என்பது போன்ற மீதிப் பாதி அந்த வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று, நிரப்புவதற்கு முன்னால் இரவுச் சாப்பாட்டின்போது ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.